மெஷின் எங்கட, திறப்பு அவங்கட

இரண்டு மூன்று வருஷம் கரண்டே குடுக்காமல் பூட்டிக் கிடந்த டிஜிட்டல் சினிமா புரொஜெக்டர் ஒன்றைத் திருப்பி இயக்க ஏலுமா? 2020இல் கொரோனாவுக்காக மூடிய மண்டபம், 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில் நொடித்துப்போன தியேட்டர், வெளிநாட்டில் மெஷின் மாற்றியபோது "ஊருக்குக் குடுப்பம்" என்று யாரோ நல்ல மனதோடு கப்பலில் ஏற்றிவிட்ட பெட்டி என்று எங்கே இருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். பதிலும் ஒன்றுதான். அதில் இருக்கிற பெரும்பாலான பாகங்களை எங்கட ஆக்களே திருத்தலாம். ஆனால் யாரும் திருத்தக் கூடாது என்று நினைத்தே செய்த ஒரு பாகம் அதுக்குள்ளே இருக்கிறது. எனக்குக் கோபம் அந்தப் பாகத்தோடு. அது செத்துப்போனால், "கவனிக்காமல் விட்டிட்டாய்" என்று ஒப்பரேற்றர் அண்ணையின் தலையில் பழியைப் போடுகிற வழக்கத்தோடும்தான்.

முதலில் திருத்தக் கூடியதைப் பார்ப்பம். கன நாள் கிடந்த மெஷினுக்கு எடுத்த எடுப்பிலேயே சுவிற்ச் போடக் கூடாது. வெளி மூடிகளைக் கழற்றிப் பாருங்கோ (எல்லா மூடியையும் இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்). பல்லி முட்டை, எறும்புப் புற்று, எலி கடித்த வயர், குளவிக் கூடு எல்லாம் இருக்கும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருக்கும். காற்று உள்ளே போகிற ஃபில்டர்கள் அடைத்துப் போயிருக்கும். கூரைக்கு மேலே சூட்டை வெளியேற்றுகிற குழாய்க்குள்ளே புறா குடும்பம் நடத்தியிருக்கும். இதெல்லாம் தூரிகையும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலை.

அடுத்தது கூலன்ற். படத்தை உண்டாக்குகிற மூன்று சிப்களைக் குளிராக வைத்திருக்க, கார் ரேடியேட்டருக்குள்ளே ஓடுகிற மாதிரி ஒரு திரவம் பல மொடல்களில் சுற்றி ஓடுகிறது. 2கே மெஷின் என்றால் ஒவ்வொரு சிப்பிலும் 22 இலட்சத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகள், கண்ணுக்குத் தெரியாத அளவில், செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து நிமிர்கின்றன. அவற்றின் மேல் கிலோவாட் கணக்கான விளக்கின் வெளிச்சம் விழுகிறது. கூலன்ற் வற்றியிருந்தாலோ, குழாய் வெடித்திருந்தாலோ, பம்ப் இறுகி நின்றிருந்தாலோ மெஷின் லைற்றைப் பற்ற வைக்கவே விடாது. அது நல்ல பிடிவாதம். அதை ஏமாற்றி ஓட்ட நினைக்காதேங்கோ.

விளக்கு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பழைய மெஷின்களில் இருப்பது செனோன் விளக்கு. அது எரியாமல் குளிர்ந்து கிடக்கும்போதே உள்ளே இருக்கிற வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும். கீறல் விழுந்த விளக்கு கையில் வெடித்தால் கண் போய்விடும். முகமூடி, கையுறை, தடித்த உடுப்பு இல்லாமல் விளக்கு அறையைத் திறக்கவே கூடாது. கண்ணாடியை வெறும் கையால் தொடவும் கூடாது. "எத்தனை விளக்கு மாத்தியிருப்பன்" என்று வெறும் பெனியனோடு நின்று பெருமை பேசுகிற ஆக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதுவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம், அனுபவம் இல்லை.

பிறகு எர்த் சரியா, வோல்டேஜ் சரியா என்று மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்துவிட்டு, விளக்கைப் பற்ற வைக்காமல் ஸ்டான்ட்பை கரண்ட் மட்டும் குடுத்து ஓர் இரவு விடுங்கோ. மணக்கிறதா, புகைக்கிறதா, விசிறிகள் சுற்றுகின்றனவா என்று பக்கத்தில் ஆள் இருந்து பார்க்க வேண்டும். கன நாள் கரண்ட் காணாத கப்பாசிற்றர்கள் திடீரென்று முழு வோல்டேஜ் வாங்கினால் சில நேரம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். அதையும் மாற்றலாம். ரேடியோ திருத்துகிற கடையில் இருக்கிற சாமான்தான்.

சேர்வரும் அப்படித்தான். அது அடிப்படையில் ஒரு கொம்பியூட்டர். உள்ளே இருக்கிற வட்டப் பற்றரி, மணிக்கூட்டுக் கடையில் வாங்குகிற அதே சிஆர்2032, செத்திருக்கும். அதனால் எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்குவது என்பதையே மறந்துபோய், கறுப்புத் திரையில் ஒரு வரியைக் காட்டிக்கொண்டு நிற்கும். பற்றரியை மாற்றி, அமைப்புகளைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் எழும்பும். ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றினால் எது எந்தத் தட்டில் இருந்தது என்று ஸ்ரிக்கர் ஒட்டி வையுங்கோ. ஒழுங்கு மாறினால் வீண் தலையிடி. டிஸ்க் செத்தால் அதிலிருந்த படங்கள் போகும், அவ்வளவுதான். வேறு டிஸ்க் போடலாம், படத்தைத் திரும்ப ஏற்றலாம்.

இவ்வளவும் செய்து, விளக்கும் பற்றி, திரையில் பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் விழுந்து, சுற்றி நிற்கிற பொடியன்கள் கை தட்டிய பிறகுதான் மெஷின் தன் உண்மையான எசமானைக் காட்டும். "சேர்டிபிகேற் இல்லை" என்று சொல்லும். அந்தச் சொல்லோடு உங்களிடம் இருக்கிற திருத்துகிற கலை முடிந்தது.

என்ன நடந்தது? தியேட்டருக்கு வருகிற படம் பூட்டித்தான் வருகிறது. அதைத் திறக்கிற திறப்பு தனியாக, கேடிஎம் என்ற ஒரு சின்ன ஃபைலாக வரும். அந்த ஃபைல் ஊரில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் பொதுவானது இல்லை. குறித்த ஒரு மெஷினுக்கு, குறித்த நாள் நேரத்தில் இருந்து குறித்த நாள் நேரம் வரைக்கும்தான் செல்லும். உங்கட மெஷின் தான் இன்னார் என்று நிரூபிக்க, அதன் மீடியா புளொக் என்ற போர்ட்டுக்குள்ளே ஓர் இரகசிய எண் இருக்கிறது. தொழிற்சாலையில் வைத்து எழுதியது. அது ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, கொப்பி எடுக்கவும் ஏலாது. ஒரு பற்றரி உயிர் குடுத்துக்கொண்டிருக்கிற நினைவகத்தில் இருக்கிறது. யாராவது அந்தப் போர்ட்டின் மூடியைத் திறந்தால் அந்த எண் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். பற்றரி தீர்ந்தாலும் அதே கதைதான்.

களவெடுக்க வந்தவன் மூடியைத் திறப்பதும், கரண்ட் இல்லாத ஊரில் பற்றரி தானாகத் தீர்வதும் அந்த மெஷினுக்கு ஒன்றுதான். இதை ஒரு கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோசித்து, எழுதி, கையெழுத்துப் போட்டுச் செய்த வேலை இது.

யார் செய்தது? 2002இல் டிஸ்னி, ஃபொக்ஸ், எம்ஜிஎம், பரமவுண்ட், சோனி, யூனிவேர்சல், வோர்னர் என்ற ஏழு ஹொலிவூட் ஸ்ரூடியோக்கள் சேர்ந்து டிசிஐ என்ற ஓர் அமைப்பை உருவாக்கின. 2005 ஜூலையில் அது முதல் விதிநூலை வெளியிட்டது. அதில் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன, மறைக்கத் தேவையில்லை. எந்தக் கொம்பனியின் மெஷினிலும் ஒரே கோப்பு ஓட வேண்டும், நிறம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி விழ வேண்டும், 2கே என்றால் 2048க்கு 1080, 4கே என்றால் 4096க்கு 2160 என்று ஒழுங்கு வைத்தது அந்த நூல்தான். அதே நூல்தான் திறப்பு வைத்திருக்கிற பெட்டிக்கு அமெரிக்க அரசாங்கம் தன் குறியாக்கக் கருவிகளுக்கு வகுத்த ஃபிப்ஸ் 140-2 என்ற தரத்தின் மூன்றாம் படியைக் கட்டாயமாக்கியது. பகிடிப் படம் ஒன்றைக் காட்டுவதற்கு அரசாங்கத் தகவல் காக்கிற பூட்டு.

அந்தப் பூட்டின் விபரங்களைக் கேட்டால் சிரிப்பும் வரும். மீடியா புளொக்கும் புரொஜெக்டரும் ஒன்றோடொன்று சோடி சேர்க்கப்பட்டிருக்கும். இதுக்கு அவர்கள் வைத்த பெயரே கலியாணம் என்ற அர்த்தம் வருகிற ஆங்கிலச் சொல். சேவைக்கான சில மூடிகளைத் திறந்தால் கலியாணம் முறிந்துவிடும். திரும்பச் சேர்த்து வைக்க, அதுக்கென்று திறப்போ இரகசிய இலக்கமோ வைத்திருக்கிற அங்கீகாரம் பெற்ற ஆள் வர வேண்டும். மேலே எல்லா மூடியையும் திறக்க வேண்டாம் என்று சொன்னது இதுக்காகத்தான். மனுவலைப் பார்த்து எந்த மூடி எது என்று தெரியாமல் ஸ்குரூட்ரைவரைக் கையில் எடுக்காதேங்கோ. போர்ட்டில் இருக்கிற பற்றரியையும் சும்மா கழற்றக் கூடாது. சில போர்ட்களில் இரண்டு பற்றரிக்கு இடம் இருக்கும்; புதியதை வெறும் இடத்தில் போட்ட பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். முதலில் பழையதை எடுத்தீர்கள் என்றால் அவ்வளவு நாளும் தப்பியிருந்த எண்ணை நீங்களே கொன்றதாகும்.

மணிக்கூடும் அப்படித்தான். மீடியா புளொக்குக்குள்ளே பூட்டப்பட்ட ஒரு கடிகாரம் ஓடுகிறது. பழைய திறப்பைப் போட்டுப் படம் காட்ட யாரும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்பதற்காக, ஒரு வருஷத்தில் முன்னுக்கோ பின்னுக்கோ 6 நிமிஷத்துக்கு மேல் அதைத் திருத்த விதி விடாது. கன வருஷம் கிடந்த மெஷினின் நேரம் அதைவிட விலகியிருந்தால் அதற்கும் கொம்பனியைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, அந்தக் கடிகாரம் ஓடுவது உலகப் பொது நேரத்தில். எங்கட நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு. அதைப் பார்த்துவிட்டு "மணி பிழை" என்று பதறிய ஆக்களும் உண்டு. முதலில் கழித்துப் பாருங்கோ.

இப்போது மறுதரப்பின் நியாயத்தைக் கேட்பம். "பைரசியைத் தடுக்க வேண்டாமோ?" வேணும். ஒரே ஒரு மெஷினின் இரகசிய எண் வெளியே கசிந்தாலும் அந்த மெஷினுக்கு வந்த படம் எல்லாவற்றையும் அப்பழுக்கில்லாமல் கொப்பி அடிக்கலாம். ஆகவே மூடியைத் திறந்தால் எண் அழியட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் படம் வெளியாகிற அன்றைக்கே இணையத்தில் வருகிற தமிழ்ப் படங்களில், தியேட்டருக்குள்ளே கமராவைப் பிடித்து எடுத்த பிரதிகளைப் பார்க்காத ஆள் யாராவது உண்டா? ஆட்களின் தலை நிழல் கூட விழுந்திருக்கும். முன் கதவு திறந்து கிடக்கிறது; இவர்கள் அலுமாரிக்கு வெடிகுண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். குண்டு வெடித்தால் சாகிறது கள்ளன் இல்லை, வீட்டுக்காரன்.

பற்றரி தீர்ந்த மெஷினை உரிமையாளர் தன் பத்திரங்களைக் காட்டி, உள்ளூரில் ஒரு பொது இடத்தில் வைத்துத் திரும்ப உயிர்ப்பிக்க ஒரு வழி வைத்திருக்கலாம். அந்த வழி விதியில் இல்லை. போர்ட்டைக் கழற்றித் தொழிற்சாலைக்கு அனுப்பு, அல்லது புதிதாக வாங்கு. டொலர் இல்லாமல் மருந்துக்கே நாடு வரிசையில் நின்ற 2022இல் இந்த அறிவுரையின் பெறுமதி என்ன என்று யோசித்துப் பாருங்கோ.

"சேர்விஸ் கொன்ட்ராக்ட் எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை" என்று இன்னொரு வாதம். கொம்பனி இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கதை. சினிமா சேர்வர்களில் பேர் பெற்ற டொரேமியை 2014இல் டொல்பி வாங்கியது. சோனி 2020இல் சினிமா புரொஜெக்டர் செய்கிற தொழிலையே விட்டது. உங்கட மெஷினுக்கு உயிர் குடுக்கிற உரிமை ஒரே ஒரு கையில் இருக்கும்போது அந்தக் கை கடையைப் பூட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சாமான் திருத்துகிற உரிமைக்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. அது உடுப்புத் தோய்க்கிற மெஷினையும் கைபேசியையும் பேசுகிறது. பூட்டிய தியேட்டரில் கிடக்கிற புரொஜெக்டரைப் பேசுவதற்கு ஆள் இல்லை.

2020இல் உலகம் முழுக்கத் தியேட்டர்கள் மூடியபோது, மெஷின்களுக்கு அவ்வப்போது கரண்ட் குடுத்து வையுங்கள் என்று தயாரிப்பாளர்கள் அறிவுறுத்தினார்கள். அப்படியென்றால் இது அவர்களுக்கு நல்லாகவே தெரியும். கரண்டை ஒருபோதும் யோசிக்கத் தேவையில்லாத ஊரில் இருந்து பார்க்கிறவனுக்கு இந்த அறிவுரை சின்ன விஷயம்.

நாங்கள் பார்க்கிற இடம் வேறு. 1990க்குப் பிறகு வருஷக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் எங்கட அம்மா அப்பாமார். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள். டிவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் விடிய விடியப் படம் போட்டவர்கள். பத்து வருஷம் கிடந்த 35 மில்லிமீற்றர் புரொஜெக்டர் ஒன்றை அவர்களிடம் குடுத்தால் எண்ணெய் விட்டு, பெல்ற் மாற்றி, தேய்ந்த பல்லுச் சில்லை லேத் பட்டறையில் கடைந்து போட்டு ஓட்டியிருப்பார்கள். அந்த மெஷின் "நீ ஆர்?" என்று அவர்களைக் கேட்டிருக்காது. பழையதுதான் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கீறல் விழுந்த ரீல், பாதியில் அறுந்த பாட்டு, கடைசி ஊருக்குக் கடைசியாக வருகிற பிரதி எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலம். ஆனால் கிடக்கிற சாமானை எழுப்புவது எங்கட சமூகம் பட்டுப் படித்த அறிவு. அந்த அறிவு செல்லாது என்று ஒரு மெஷின் முகத்துக்கு நேரே சொல்வதைப் பார்த்துக்கொண்டு, "புது ரெக்னோலஜி அப்படித்தான்" என்று நாங்கள் தலையாட்டக் கூடாது.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். பூட்டு எல்லாப் படத்துக்கும் கட்டாயம் இல்லை. சேர்டிபிகேற் செத்த மெஷின் மறுப்பது பூட்டிய படத்தைத்தான். பூட்டாத டிசிபி ஒன்றைக் காட்டக் கேடிஎம்மே தேவையில்லை. பல மெஷின்களில் டிவிஐ மாதிரியான நேரடி வழிகளும் உண்டு. போர்ட் எழும்பக் கூடிய நிலையில் இருந்தால் லேப்டொப்பைக் கொழுவியே படம் போடலாம். அப்படியிருக்க, எங்கட குறும்படக்காரர் சிலர் பதினைந்து நிமிஷப் படத்தையும் பூட்டி அனுப்புகிறார்கள். பெரிய படம் மாதிரி இருக்க வேண்டுமாம். அந்தத் திறப்பை உண்டாக்குகிற மூல எண் படம் செய்து குடுத்த லாப்பிடம் இருக்கும். லாப் மூடினால், அல்லது அங்கே வேலை செய்த பொடியன் வெளிநாடு போனால், படம் டிஸ்க்கில் முழுதாக இருந்தும் இல்லாததுதான். 1983 ஜூலையில் ஹேந்தலையில் விஜயா ஸ்ரூடியோவைக் கொளுத்தியபோது எரிந்துபோன படச்சுருள்களைப் பற்றி இன்றைக்கும் கவலையோடு பேசுகிறோம். அது பிறர் வைத்த நெருப்பு. இது நாங்களே காசு குடுத்துப் போடுகிற பூட்டு. டிசிபி-ஓ-மற்றிக் என்ற இலவச மென்பொருளை இறக்கி, பூட்டு என்ற இடத்தில் அடையாளம் போடாமல் விட்டால் போதும், பூட்டாத டிசிபி உங்கட வீட்டுக் கொம்பியூட்டரிலேயே உருவாகும். திரைப்பட விழா நடத்துகிறவர்களும் உள்ளூர்ப் படங்களைப் பூட்டாமல் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

"லேப்டொப்பும் சின்னப் புரொஜெக்டரும் காணும், இந்தப் பூதம் ஏன்?" என்று கேட்கிற தோழர்களோடு பாதி உடன்படுகிறேன். வாசிகசாலை முற்றத்தில் ஐம்பது பேருக்குப் படம் போட அது காணும். ஒரு பழைய தியேட்டரின் அகன்ற திரையில், பின் வரிசையில் இருக்கிறவருக்கும் முகம் தெரியப் படம் விழ வேண்டும் என்றால் காணாது. அந்த அளவு வெளிச்சம் தரக் கூடிய மெஷின் பூட்டிக் கிடக்கும்போது அதை இரும்புக் கடைக்குத் தூக்கிக் குடுக்கிறது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே, உங்கட ஊர்ச் சங்கத்துக்கு ஒருவர் புரொஜெக்டர் தர முன்வந்தால் நன்றி சொல்ல முதல் கேளுங்கோ: கடைசியாக எப்ப கரண்ட் குடுத்தது? இப்போது ஒன் பண்ணி, சேர்டிபிகேற் உயிரோடு இருக்கிறதைக் காட்டுகிற திரையைப் படம் எடுத்து அனுப்புவீர்களா? போர்ட் பற்றரி எந்த வருஷம் மாற்றியது? சேவை இலக்கங்களும் மனுவலும் சேர்த்துத் தருவீர்களா? சேர்டிபிகேற் செத்திருந்தால் நேரடியாகப் படம் குடுக்க எந்த வழி வேலை செய்கிறது? இதுக்குப் பதில் இல்லாமல் வருகிற பெட்டிக்குத் துறைமுகக் கூலி கட்டுவது வீண். உயிரோடு இருக்கிற மெஷின் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத்தில் ஒரு முறையாவது ஓர் இரவு ஸ்டான்ட்பை கரண்ட் குடுங்கோ. கரண்ட் பில் வரும்தான். அந்தப் பில்லை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. திகதி, மணித்தியாலம், ரூபாய் என்று ஒவ்வொரு மாதமும். உங்கட மண்டபத்துக்கு அடுத்த முறை படம் தர வருகிற விநியோகஸ்தருக்கு முன்னால் அந்தக் கொப்பியை விரித்து வைத்து, உங்கட படத்தின் பூட்டைக் காவல் காக்க நான் கட்டின காசு இது, இதில் உங்கட பங்கு எவ்வளவு என்று கேளுங்கோ.